ஐரோப்பா போறீங்களா? டிக்கெட் போடறதுக்கு முன்னாடி விசா ஸ்டிக்கர முழுசா படிங்க

பாரிஸ்ல ட்ரெயின் ஏறி பிரஸ்ஸல்ஸ், அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம்னு போறப்ப பெரும்பாலும் யாரும் பாஸ்போர்ட் கேக்க மாட்டாங்க, எல்லைன்னு ஒண்ணு எப்ப தாண்டுச்சுன்னே தெரியாது. அதனாலயே "ஐரோப்பாக்குள்ள போயிட்டா எங்க வேணா எத்தன நாள் வேணா சுத்தலாம்"னு நம்ம ஆளுங்க நிறைய பேர் நம்பிடறாங்க. விசா டாக்குமெண்ட் வேலைல தினம் பாக்கறேன், ரிஜெக்ட் ஆகி வர்றவங்கள விட, விசா கைக்கு வந்த அப்புறம் தப்பா ப்ளான் போட்டு மாட்டிக்கறவங்க கதைதான் ரொம்ப வேதனையா இருக்கும், ஏன்னா ஸ்டிக்கர ரெண்டு நிமிஷம் உக்காந்து படிச்சிருந்தா அதுல பாதிய தவிர்த்திருக்கலாம்.

முதல்ல எது உள்ள எது வெளியன்னு பாத்துருவோம். உள்ள போயிட்டா நாடு மாறறப்ப பொதுவா எல்லைல செக்கிங் இல்லாம சுத்தலாம்னு ஒப்பந்தம் போட்டு, ஒரே விசாவ ஏத்துக்கற நாடுங்களதான் ஷெங்கன் ஏரியான்னு சொல்றாங்க, அதுல இப்ப 29 நாடு. ஐரோப்பிய யூனியன்ல இருந்தா ஷெங்கன்ல இருக்கணும்னு இல்ல, அயர்லாந்தும் சைப்ரஸும் யூனியன்ல இருக்கு ஆனா ஷெங்கன்ல இல்ல. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் யூனியன்ல இல்ல ஆனா ஷெங்கன்ல இருக்கு. இங்கிலாந்து ரெண்டுலயும் இல்ல. குரோஷியா 2023 ஜனவரில சேந்துச்சு, பல்கேரியாவும் ருமேனியாவும் 2024 மார்ச் கடைசில ஏர்போர்ட், துறைமுகத்துக்கு மட்டும் சேந்து 2025 ஜனவரி 1ல இருந்து தரை எல்லைக்கும் சேந்தாச்சு. இத ஏன் இவ்ளோ விளக்கமா சொல்றேன்னா, ஷெங்கன்ல எந்த 180 நாள்லயும் 90 நாள்தான் தங்கலாம் (கணக்கு கீழ சொல்றேன்), "நாள் தீர்ந்து போச்சுன்னா குரோஷியாவுல போய் கொஞ்ச நாள் இருந்துட்டு வாங்க"ன்னு சொல்ற பழைய வீடியோக்கள் யூடியூப்ல இன்னும் ஓடிட்டு இருக்கு, அத நம்பி ப்ளான் போட்டுட்டு வர்றாங்க, இப்ப அங்க இருக்கற ஒவ்வொரு நாளும் உங்க கணக்குலதான் ஏறும்.

சரி, ஸ்டிக்கருக்கு வருவோம். அதுல எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும்னு ஒரு வரி இருக்கும், எத்தன தடவ உள்ள நுழையலாம்னு ஒரு கட்டம், எத்தன நாள் தங்கலாம்னு இன்னொரு கட்டம். ஆனா நம்ம கண்ணு தேதிய மட்டும் பாக்கும். சமீபத்துல ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும் அவர் வீட்டம்மாவும் வந்தாங்க, ஜூன் 5ல இருந்து 16 வரைக்கும் டூர்னு அப்ளை பண்ணி விசாவும் வந்துருச்சு, ஸ்டிக்கர்ல ஜூன் 5 முதல் ஜூலை 1 வரைன்னு போட்டிருந்துச்சு. "சார், ஜூலை 1 வரைக்கும் குடுத்துட்டாங்களே, டூர் முடிஞ்சதும் தங்கச்சி மக வீட்ல ஒரு பத்து நாள் இருந்துட்டு வரலாம்னு இருக்கோம்"னாங்க. எத்தன நாள் தங்கலாம்ங்கற கட்டத்த காட்டினேன், 12ன்னு இருந்துச்சு. ஃப்ளைட் முன்ன பின்ன ஆனா சமாளிக்கட்டும்னு பொதுவா 15 நாள் கூட சேத்துதான் தேதி குடுப்பாங்க, அந்த 27 நாளுக்குள்ள எப்ப வேணா உள்ள போகலாம், ஆனா மொத்தமா தங்கறது 12 நாள்தான். 13வது நாள் காலைல அங்க இருந்தா அது ஓவர்ஸ்டே. நல்லவேளை, டிக்கெட் மாத்தறதுக்கு முன்னாடி வந்தாங்க.

அடுத்தது அந்த நுழைவு எண்ணிக்கை. 1னு இருந்தா ஒரு தடவ உள்ள, ஒரு தடவ வெளிய, அவ்ளோதான், தேதி எவ்ளோ மிச்சம் இருந்தாலும் வெளிய வந்தா விசா முடிஞ்சுது. இதுல அதிகமா மாட்டறது லண்டனையும் ஐரோப்பாவையும் சேத்து போறவங்க. சூரிக்ல இறங்கி, பாரிஸ் போய், அங்கிருந்து யூரோஸ்டார் ட்ரெயின்ல லண்டன் போய் மூணு நாள் இருந்துட்டு, ஆம்ஸ்டர்டாம் வந்து சென்னைக்கு ஃப்ளைட்னு ஒரு ப்ளான். பாக்க அழகா இருக்கு, ஆனா பாரிஸ் கார் து நோர் ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறறதுக்கு முன்னாடியே பிரெஞ்சு போலீஸ் உங்கள ஷெங்கன்ல இருந்து வெளிய போனதா பதிஞ்சிருவாங்க, அதே ஸ்டேஷன்ல பக்கத்துலயே பிரிட்டிஷ் ஆஃபீசர் அவங்க விசாவ பாப்பாங்க. அப்புறம் லண்டன்ல ஆம்ஸ்டர்டாம் ஃப்ளைட்டுக்கு செக்-இன் பண்றப்ப ஏர்லைன்ஸ்காரங்களே நிறுத்திருவாங்க. இதுக்கு வழி ரொம்ப சிம்பிள், லண்டன முதல்லயோ கடைசிலயோ வைங்க, நடுவுல வெச்சே ஆகணும்னா ரெண்டு அல்லது மல்டிப்பிள் என்ட்ரி வேணும்னு அப்ளிகேஷன்லயே கேட்டு, யூகே விசாவ முன்னாடியே எடுத்து அதயும் டிக்கெட்டயும் காட்டுங்க.

லண்டன் மட்டும் இல்லீங்க. பார்சிலோனால இருந்து ஒரு நாள் ட்ரிப்பா அண்டோரா கூட்டிட்டு போவாங்க, அது ஷெங்கன் இல்ல. குரோஷியால டுப்ரோவ்னிக்ல இருந்து கோட்டோர் பாக்க போனீங்கன்னா அது மாண்டிநீக்ரோ, வெளிய போன கணக்குதான். அதே குரோஷியாக்குள்ளயே, ஸ்ப்ளிட்ல இருந்து டுப்ரோவ்னிக் போற கடற்கரை ரோட்ல நடுவுல நேயும்னு ஒரு சின்ன ஊர் போஸ்னியாவுக்கு சொந்தம், முன்னாடி எல்லாரும் அது வழியாதான் போய் வரணும், 2022ல பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்த அப்புறம் அந்த ஊர தொடாமலே போகலாம். கார் வாடகைக்கு எடுத்து ஓட்டறவங்க மேப்ல ரூட்ட பாத்துட்டு கிளம்புங்க, சிங்கிள் என்ட்ரி விசாவோட நேயும் செக்போஸ்ட்ல போய் நிக்காதீங்க. மொனாக்கோ, வாட்டிகன் போறதுக்கு இந்த பிரச்சனை இல்ல, அங்க செக்போஸ்ட்டே கிடையாது.

90/180 கணக்கு. இதுலதான் பிள்ளைங்க வீட்டுக்கு போற அப்பா அம்மாங்க தடுமாறறாங்க. மல்டிப்பிள் என்ட்ரில ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னு விசா இருந்தாலும் எந்த 180 நாள எடுத்து பாத்தாலும் அதுல 90 நாளுக்கு மேல உள்ள இருந்திருக்க கூடாது. அந்த 180 நாள் ஜனவரில ஆரம்பிச்சு ஜூன்ல முடியற அரை வருஷம் இல்ல, நீங்க உள்ள இருக்கற ஒவ்வொரு நாளும் அன்னிக்கு இருந்து பின்னாடி எண்ணணும், இறங்கின நாளும் கிளம்பின நாளும் சேத்தி. மக பிரசவத்துக்கு மார்ச் 1ல இருந்து ஏப்ரல் 29 வரைக்கும் நெதர்லாந்துல இருந்தீங்க, 60 நாள் ஆச்சு. ஊருக்கு வந்துட்டு, பேரன் ஞாபகமாவே இருக்குன்னு ஜூலை 1 திரும்ப போறீங்க. புது அரை வருஷம் பொறந்துருச்சு, முழுசா 90 நாள் இருக்கலாம்னு நினைச்சா தப்பு. 30 நாள்தான் பாக்கி, ஜூலை 30க்குள்ள கிளம்பியாகணும். அந்த மார்ச் 1ம் தேதி கணக்க விட்டு வெளிய போறதே ஆகஸ்ட் 28க்குதான். நடுவுல பிரான்ஸ் போனேன், இத்தாலி போனேன்னு நாடு மாத்தினா கணக்கு நிக்காது, 29 நாட்டுக்கும் ஒரே மீட்டர். ஐரோப்பிய கமிஷன் சைட்ல இதுக்கு இலவசமா ஒரு கால்குலேட்டர் இருக்கு, தேதிய போட்டா அதுவே சொல்லிரும்.

முன்னாடி பாஸ்போர்ட்ல குத்தின சீல பாத்து கையால எண்ணினாங்க, சில பேர் தப்பிச்சாங்க. 2025 அக்டோபர் 12ல இருந்து ஈஈஎஸ்னு ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டம் படிப்படியா வந்து, 2026 ஏப்ரல்ல எல்லா எல்லைக்கும் முழுசா வர்ற மாதிரி அட்டவணை போட்டாங்க. முகத்த போட்டோ எடுத்து, நீங்க உள்ள வந்த தேதி வெளிய போன தேதி எல்லாம் அதுல ஏறிரும், ஒரு நாள் கூட ஆனாலும் அதுவே காட்டிக்குடுக்கும். இன்னொன்னு, ஈடிஐஏஎஸ்னு வரப்போற ஆன்லைன் முன் அனுமதி விசா தேவைப்படாத நாட்டுக்காரங்களுக்கு மட்டும். இந்திய பாஸ்போர்ட்டோ இலங்கை பாஸ்போர்ட்டோ வெச்சிருந்து ஷெங்கன் விசா எடுத்து போறவங்களுக்கு அது வேண்டாம், அதுக்குன்னு யாராவது பணம் கேட்டா குடுக்காதீங்க.

லண்டன்ல இருக்கற நம்ம சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. ஜெர்மனில ஹம்ங்கற ஊர் காமாட்சி அம்மன் தேருக்கும் பாரிஸ் லா ஷப்பல் தேருக்கும் குடும்பத்தோட வர்றவங்க நிறைய. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தா விசா வேண்டாம், ஆனா பிரெக்சிட்டுக்கு அப்புறம் 90/180 உங்களுக்கும் உண்டு, பாஸ்போர்ட் உள்ள போற நாள்ல பத்து வருஷத்துக்கு உள்ள வாங்கினதா இருக்கணும், திரும்பற தேதிக்கு அப்புறம் மூணு மாசமாவது செல்லணும். வீட்ல ஒருத்தர் மட்டும் இலங்கை பாஸ்போர்ட்டும் யூகேல நிரந்தர வதிவிடமும் வெச்சிருந்தா அவருக்கு ஷெங்கன் விசா கட்டாயம் வேணும், வதிவிடம் எவ்ளோ வருஷமா இருந்தாலும் சரி. அதே மாதிரி ஜெர்மனிலயோ பிரான்ஸ்லயோ வதிவிட அட்டை வெச்சிருக்கறவங்க மத்த ஷெங்கன் நாட்டுக்கு விசா இல்லாம 90/180ல போய் வரலாம், அந்த அட்டைய மட்டும் வெச்சு லண்டனுக்கு போக முடியாது. ஷெங்கன் ஏர்போர்ட்ல வெறும் ஃப்ளைட் மாறறதா இருந்தாலும் இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ட்ரான்சிட் விசா வேணும், சிலருக்குதான் விலக்கு. இந்திய பாஸ்போர்ட்டுக்கு நாட்டுக்கு நாடு வேற. ஆனா கனடா போறப்ப ஃப்ராங்க்ஃபர்ட், ஆம்ஸ்டர்டாம்னு ரெண்டு ஷெங்கன் ஏர்போர்ட் நடுவுல வர்ற மாதிரி டிக்கெட் எடுத்துட்டா, அந்த நடு ஃப்ளைட் உள்நாட்டு பயணம் மாதிரி, முழு ஷெங்கன் விசாவே வேணும். விலை கம்மியா இருக்குன்னு அந்த டிக்கெட்ட எடுத்துட்டு விசா இல்லாம சென்னை கவுண்டர்ல நின்னு அழுதவங்கள தெரியும்.

எந்த நாட்ல அப்ளை பண்றதுன்னு கேப்பாங்க. எங்க அதிக நாள் தங்கறீங்களோ அங்க, எல்லா இடத்துலயும் ஒரே அளவு நாள்னா முதல்ல எங்க இறங்கறீங்களோ அங்க. "அந்த நாட்ல ஈஸியா குடுப்பாங்க"ன்னு ஏஜெண்ட் சொன்னத கேட்டு பொய்யா ஹோட்டல் புக்கிங் வெச்சு வாங்கி, நேரா பாரிஸ் போய் இறங்கினா எல்லைல கேள்வி வரும், விசாவயே ரத்து பண்ணவும் முடியும், அது சிஸ்டத்துல இருந்து அடுத்த அப்ளிகேஷனயும் பாதிக்கும். 90 யூரோ ஃபீஸும் 30,000 யூரோ மெடிக்கல் கவர் இன்சூரன்ஸும் எங்க அப்ளை பண்ணாலும் ஒண்ணுதான், பொய் சொல்லி ஒரு லாபமும் இல்ல. ஒழுங்கா போய்ட்டு வந்தவங்களுக்கு 2024 ஏப்ரல்ல ஒரு நல்ல விதி வந்துருக்கு, இந்தியால இருக்கற இந்தியர்கள் மூணு வருஷத்துல ரெண்டு விசா வாங்கி சரியா பயன்படுத்தியிருந்தா ரெண்டு வருஷ மல்டிப்பிள் விசாவுக்கும், அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கும் வழி இருக்கு.

இப்ப சொல்லப்போறத தயவுசெஞ்சு வேலைக்கு போற தம்பிங்களுக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க. "போலந்து விசாவோ ருமேனியா விசாவோ வாங்கிட்டு உள்ள போயிரு, அப்புறம் பஸ் ஏறி இத்தாலியோ ஜெர்மனியோ போய் வேலை பாத்துக்கலாம், ஷெங்கன்தானே"ன்னு சொல்லி லட்சக்கணக்குல வாங்கறாங்க. நிலத்த அடமானம் வெச்சு குடுத்துட்டு வர்ற பசங்கள பாக்கறப்ப மனசு பதறுது. ஒரு நாடு குடுத்த வேலை பர்மிட் அந்த நாட்ல, பெரும்பாலும் அந்த முதலாளிகிட்ட மட்டும்தான் செல்லும். மத்த ஷெங்கன் நாட்டுக்கு நீங்க விருந்தாளியா போகலாம், வேலை பாக்க முடியாது. பாத்து மாட்டினா அபராதம், திருப்பி அனுப்பறது, அதோட நுழைவுத் தடை, பொதுவா அஞ்சு வருஷம் வரைக்கும் போகும், அது 29 நாட்டு அதிகாரிங்க திரையிலயும் தெரியும். ஜெர்மனி 2024 செப்டம்பர் 16ல இருந்து எல்லா தரை எல்லையிலயும் செக்கிங் போட்டிருக்கு, ராத்திரி பஸ்ஸ நிறுத்தி ஒவ்வொரு சீட்டா வந்து பாஸ்போர்ட் கேக்கறாங்க. டூர் போறவங்களும் பாஸ்போர்ட்ட ரூம்ல வெச்சுட்டு போன்ல போட்டோ மட்டும் எடுத்துட்டு நாடு மாறாதீங்க. பணம் கேக்கற ஏஜெண்ட் பதிவு பண்ணவரான்னு இந்திய அரசாங்கத்தோட இமைக்ரேட் (eMigrate) சைட்ல பேர போட்டு பாருங்க, பேர் இல்லன்னா ஒரு ரூபா குடுக்காதீங்க.

ஒருவேளை அங்க இருக்கறப்ப உடம்பு முடியாம ஆஸ்பத்திரில சேக்க வேண்டியதாயிருச்சு, இல்ல விமானமே நின்னு போச்சுன்னா பயந்து போய் சும்மா உக்காந்துராதீங்க. விசா முடியறதுக்கு முன்னாடியே அந்த ஊர் வெளிநாட்டவர் ஆபீஸுக்கு போய் நீட்டிப்பு கேக்கலாம், இந்த மாதிரி நம்ம கைல இல்லாத காரணத்துக்கு ஃபீஸ் கிடையாது. டாக்டர் சர்டிபிகேட், ஏர்லைன்ஸ் அனுப்பின கேன்சல் மெயில், இன்சூரன்ஸ் நீட்டிச்ச பேப்பர் மூணையும் பிரிண்ட் எடுத்துட்டு போங்க, அப்பாயின்ட்மெண்ட் கிடைக்க லேட் ஆகும்னா கடைசி தேதிக்கு முன்னாடியே மெயில் போட்டு அத பத்திரமா வெச்சுக்கோங்க, ஏர்போர்ட்ல கேட்டா காட்டறதுக்கு அதுதான் ஆதாரம்.