புகைக்குள் ஒரு குளிர்

திருச்சியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகனின் சட்டையைத் துவைக்கப் போட்டபோது, பையில் சிகரெட் பெட்டி. கேட்டதற்கு, "இது சும்மா புதினா ஃபிளேவர்மா. தொண்டைகூடக் கமறாது, லைட்டுதான்" என்றானாம். நிஜமாகவே இதில் கெடுதல் குறைவா என்பது அவருடைய கேள்வி.

குறைவில்லை. புகையிலை எரிந்தால் நிகோட்டின், தார், கார்பன் மோனாக்சைடு எல்லாம் வரத்தான் செய்யும். அதில் புதினாவைச் சேர்த்தாலும் இவற்றில் எதுவும் காணாமல் போகாது. இது பள்ளியிலேயே படித்ததுதான், நீட்ட வேண்டாம். என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பையன் சொன்ன "கமறாது" என்ற வார்த்தை. அந்த இடத்தில் அவன் பொய் சொல்லவில்லை.

முதன்முதலாகப் புகையை இழுப்பவர் பெரும்பாலும் இருமுவார். காரணம், நம் மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் நரம்பு முனைகள். அவற்றில் டிஆர்பிஏ1 என்றொரு புரதம் உண்டு. எரிச்சலூட்டும் பல ரசாயனங்கள் பட்டால் இது திறந்துகொண்டு மூளைக்குத் தகவல் அனுப்பும். வாணலியில் எண்ணெய் அதிகமாகக் காய்ந்து புகைந்தால் கண்ணும் மூக்கும் எரியுமே, அந்தப் புகையில் இருப்பது அக்ரோலின் என்ற ரசாயனம். சிகரெட் புகையிலும் அதே அக்ரோலின் இருக்கிறது. நிகோட்டினே இந்தப் புரதத்தைக் கிளறிவிடும். ஆக, முதல் இருமல் என்பது உடம்பு போடும் சத்தம். நிறையப் பேர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

புதினாவுக்குக் குளிர்ச்சியைத் தரும் மெந்தால் என்ற பொருள் கைவைப்பது இங்கேதான். வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். பானைத் தண்ணீர் ஒரு வாய் குடியுங்கள். பிறகு ஒரு புதினா மிட்டாயைச் சப்பி முடித்துவிட்டு, அதே தண்ணீரை இன்னொரு வாய். பல் கூசும் அளவுக்குச் சில்லென்று இருக்கும். தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டால் முன்பு காட்டிய அதே 28 டிகிரியைத்தான் காட்டும்.

மாறியது தண்ணீர் இல்லை, நாக்கு. குளிரை உணர்வதற்கென்றே நம் நரம்புகளில் டிஆர்பிஎம்8 என்ற புரதம் இருக்கிறது. செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு சின்ன வாசல் அது. வெப்பநிலை ஏறத்தாழ 26 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது திறக்கும். சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே பாயும், நரம்பு துடிக்கும், "குளிர்" என்று மூளை எழுதிக்கொள்ளும். மெந்தால் மூலக்கூறு இந்தப் புரதத்தில் போய் உட்கார்ந்துகொண்டால் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. 30 டிகிரிக்குப் பக்கத்திலேயே வாசல் திறக்க ஆரம்பிக்கிறது. பானைத் தண்ணீர் ஐஸ் தண்ணீராவது இப்படித்தான். ஜலதோஷத்தில் இன்ஹேலர் குச்சியை உறிஞ்சினால் "மூக்கு திறந்துடுச்சு" என்கிறோமே, அதுவும் இதே கதைதான். காற்று போகும் வழியை அளந்து பார்த்தால் அடைப்பு அப்படியே இருக்கும். காற்று சில்லென்று படுவதால் நிறையப் போவதாக நமக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

இந்த வாசலை 2002இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் ஆகிய இரண்டு விஞ்ஞானிகளும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். இருவரும் கையில் எடுத்துக்கொண்ட கருவி மெந்தால். அதற்கு 5 ஆண்டுகள் முன்பு ஜூலியஸின் குழு மிளகாயின் காரத்தை வைத்து, சூட்டை உணரும் புரதத்தைப் பிடித்திருந்தது. 2021இல் இருவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. "மிளகாய் ஏன் எரிகிறது, புதினா ஏன் சில்லென்று இருக்கிறது" என்று எழுதிக்கொண்டு நம் ஊரில் நிதி கேட்டுப் போனால், "இதனால் நாட்டுக்கு என்ன பிரயோஜனம்" என்று கேட்டே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது என் சந்தேகம். வலி எப்படி உண்டாகிறது என்பதில் இன்று நமக்குத் தெரிந்ததில் முக்கியமான ஒரு பங்கு அந்தக் கேள்விகளிலிருந்து வந்தது.

சரி, புகைக்கு வருவோம். எலிகள் நம்மைப் போல இருமாது. எரிச்சலான காற்றை இழுத்தால் மூச்சை நடுவில் ஒரு கணம் பிடித்து நிறுத்தும். 2011இல் வெளிவந்த ஒரு ஆய்வில் எலிகளை அக்ரோலின் கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்தார்கள். எதிர்பார்த்தபடியே மூச்சு தடுமாறியது. கூடவே கொஞ்சம் மெந்தால் கலந்ததும் எலிகள் ஒன்றும் நடக்காதது போல மூச்சு விட்டன. டிஆர்பிஎம்8 வாசலை அடைக்கும் மருந்தைக் கொடுத்தபோது எரிச்சல் திரும்பி வந்துவிட்டது! குளிர் நரம்பு போடும் சத்தத்தில் எரிச்சல் நரம்பின் குரல் அமுங்கிப்போகிறது என்று பொருள். அக்ரோலின் அளவு துளியும் குறையவில்லை.

மெந்தால் புகையின் எரிச்சலை அமுக்கும் என்பதை வெகுகாலம் முன்பே தற்செயலாகக் கண்டுகொண்டவர் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து இளைஞர் லாய்டு ஹியூஸ். ஆஸ்துமாவுக்காக மெந்தால் உப்பை முகரும் பழக்கம் அவருக்கு இருந்தது என்றும், அந்த டப்பாவிலேயே சிகரெட்டையும் போட்டு வைத்தார் என்றும் சொல்வார்கள். 1925இல் மெந்தால் சிகரெட்டுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆஸ்துமாக்காரர் மெந்தால் சிகரெட் கண்டுபிடித்த கதை என்று சிரிக்கலாம். ஆனால் குளிர்ச்சி என்றாலே உடம்புக்கு நல்லது என்று நாமும்தானே நம்புகிறோம்? மெந்தால் உடம்புச் சூட்டில் ஒரு டிகிரியைக்கூட இறக்குவதில்லை.

பழ வாசனை, சாக்லேட், வெனிலா எல்லாம் வேறு வழியில் வேலை செய்கின்றன. அவை புகையிலையின் கசப்பை மூடி, சின்ன வயதிலிருந்து பழகிய மிட்டாய்க் கடையை நினைவுபடுத்தும். அமெரிக்காவில் 2013-14இல் எடுத்த பெரிய கணக்கெடுப்பில், புகையிலையைத் தொட்டுப் பார்த்த 12 முதல் 17 வயதினரில் சுமார் 80 சதவீதம் பேர், முதலில் எடுத்ததே வாசனை சேர்த்த பொருள் என்றார்கள். நம் ஊரில் குட்காவின் ஏலக்காய் வாசனை செய்வதும் இதே வேலைதான். இந்தியா 2019இல் மின்சிகரெட்டைத் தடை செய்தது. சாதாரண சிகரெட்டில் புதினா சேர்ப்பதைத் தடுக்கச் சட்டம் இல்லை. கல்லூரிப் பக்கம் பெட்டிக்கடையில் ஐந்து நிமிடம் நின்றால், ஃபில்டருக்குள் இருக்கும் புதினா உருண்டையை விரலால் நசுக்கும் 'டிக்' சத்தம் கேட்கும்.

தடை போட்ட ஊர்களில் என்ன ஆனது? அமெரிக்கா 2009இல் சிகரெட்டில் மற்ற வாசனைகளையெல்லாம் தடுத்துவிட்டு, மெந்தாலை மட்டும் விட்டுவைத்தது. எது தொண்டையை மரக்கடிக்கிறதோ அதற்கு மட்டும் விலக்கு. இது எனக்கு இன்றுவரை எரிச்சல். ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் மெந்தாலையும் தடுத்தது. கலிஃபோர்னியாவில் 2022 டிசம்பரில் தடை வந்ததும், "மெந்தால் இல்லாதது" என்று புது சிகரெட்டுகள் கடைக்கு வந்தன. முகர்ந்தால் புதினா வாசனை இல்லை. இழுத்தால் மட்டும் சில்லென்று இருந்தது. சோதித்துப் பார்த்தபோது சிலவற்றில் டபிள்யூஎஸ்-3 என்ற செயற்கைப் பொருள் கிடைத்தது. வாசனை ஏறக்குறைய இல்லாமலே டிஆர்பிஎம்8 வாசலை மட்டும் திறக்கும் பொருள் அது. டபிள்யூஎஸ் என்பது வில்கின்சன் ஸ்வோர்டு என்ற பிளேடு கம்பெனியின் முதலெழுத்துகள். 1970களில், சவரம் செய்த முகம் எரியாமல் இருக்க, புதினா வாடை இல்லாத குளிர்ச்சிப் பொருளைத் தேடி அவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட மூலக்கூறுகளைச் செய்து பார்த்தார்கள். அதில் 3 என்ற எண் பெற்றது இது.