பேதை நகைச்சுவை: ஒரு சொல் விளக்கம்

சென்ற மாதம் நாகர்கோவிலில் ஒரு திரைப்பட ரசனைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு காமெடிப் படத்தைத் திரையிட்டுவிட்டு அதைப் பற்றிப் பேசுவது ஏற்பாடு. படம் ஓடிய நேரம் முழுக்கக் கூடம் சிரித்துக்கொண்டே இருந்தது. திருடப் போன வீட்டில் குரைத்த நாய்க்குச் சோறு வைத்து, தட்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வெறுங்கையோடு சுவரேறிக் குதிக்கிறான் ஒருவன். அதைப் பார்த்து என் முன்வரிசைப் பெரியவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விளக்கைப் போட்டதும் பேசியவர்கள் எல்லோரும் அந்தப் படத்தை ‘அபத்த நகைச்சுவை’ என்றே குறிப்பிட்டார்கள். ஒருவர் அதைப் பாராட்டாகச் சொன்னார். அடுத்தவர் அதே சொல்லை வசையாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து தொலைக்காட்சியைப் போட்டால், படம் காட்டும் செயலியிலும் ‘அபத்தமான நகைச்சுவைகள்’ என்று ஒரு வரிசை. இந்தச் சொல்லைப் பல வருடங்களாகக் கேட்டுப் பொறுத்துக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

இவர்கள் தமிழாக்க நினைப்பது ‘ஸில்லி காமெடி’ என்பதை. பழைய ஆங்கிலத்தில் ஸில்லி என்பதன் மூலச்சொல்லுக்குப் பேறு பெற்றவன், மகிழ்ச்சியானவன் என்று பொருள். அதன் உறவுச்சொல்லான ‘ஸேலிக்’ ஜெர்மன் மொழியில் இன்றும் அந்தப் பொருளிலேயே வழங்குகிறது. ஆங்கிலத்தில் அது காலப்போக்கில் கள்ளமற்றவன் என்றாகி, இரங்கத்தக்கவன் என்றாகி, கடைசியில் விவரமற்றவன் என்று வந்து நின்றது. வேர் பற்றி இவ்வளவு போதும். இந்தச் சொல் தொடக்கம் முதல் ஓர் ஆளின் இயல்பைப் பற்றியது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அபத்தம் அப்படிப்பட்ட சொல் அன்று. அது வடமொழி. ‘பத்தம்’ என்றால் கட்டப்பட்டது; அபத்தம் என்றால் கட்டில்லாதது, ஒன்றோடொன்று பொருந்தாதது. தமிழில் பொய், பிழை என்ற பொருள்களிலும் வழங்கியது. மலையாளத்தில் அதன் பொருள் இன்னும் நெருக்கமானது: தெரியாமல் செய்துவிட்ட தவறு. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் அன்றைய நான்கு தாலுகாக்களும் முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தவை. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் இரண்டு மொழியும் காதில் விழ வளர்ந்தவரிடம் போய் ‘அபத்தப் படம்’ என்று சொல்லிப் பாருங்கள். படம் எடுத்தவர் ஏதோ தவறு செய்துவிட்டார் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். அது அவர் குற்றம் ஆகாது.

அதே சொல்லுக்கு இலக்கியத்தில் வேறொரு வேலையும் தரப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுதப்பட்ட ஒருவகை நாடகங்களுக்கு மார்ட்டின் எஸ்லின் 1961இல் ஒரு நூல் எழுதிப் பெயர் சூட்டினார். அதைத் தமிழில் அபத்த நாடகம் என்றார்கள். வாழ்க்கைக்குப் பொருளே இல்லை என்ற திகைப்பு அந்த நாடகங்களின் உயிர். அங்கே அபத்தம் என்ற சொல் பொருந்துகிறது, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் சுவரேறிக் குதித்த நம் திருடனுக்கு அந்தத் திகைப்பு எதுவும் கிடையாது. அவனுடைய உலகில் எல்லாம் சரியாக இருக்கிறது: நாய்க்குப் பசித்தது, சோறு வைத்தான், எச்சில் தட்டை அப்படியே விட்டுப் போவது முறையன்று என்று கழுவியும் வைத்தான். வந்த காரியம் மறந்துபோயிற்று. இவனையும், வாழ்க்கையின் வெறுமையைக் கண்டு உறைந்து நிற்கும் ஒருவனையும் ஒரே சொல்லால் கட்டிவிட்டால் இரண்டு பேருக்கும் அநியாயம்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் மொழிபெயர்ப்பாளர் மேசைக்குத்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஆங்கில அகராதியில் ஸில்லிக்குப் பக்கத்தில் நாலைந்து சொற்கள் ஒரே பொருளுடையவை போல அடுக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்றுக்கு ஏற்கெனவே தமிழ் கிடைத்துவிட்டது என்றால் அதையே எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடுகிறார்கள். தமிழில் அதற்கென்று ஒரு சொல் இருக்குமோ என்று ஒரு நிமிடம்கூட நின்று பார்ப்பதில்லை. இருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலிலேயே இருக்கிறது.

‘எள்ளல் இளமை பேதைமை மடன்என்று
உள்ளப் பட்ட நகைநான்கு என்ப.’

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்து, சிரிப்பு எதிலிருந்து பிறக்கும் என்பதற்கு நான்கு இடங்களைச் சொல்கிறது நூற்பா. எள்ளல், பிறரை இகழ்வதில் பிறக்கும் சிரிப்பு. எங்கள் தேரூர்க்காரர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை சகோதரி பிள்ளைகளுக்குச் சொத்துப் போகும் மருமக்கள் வழி முறையை வைத்துப் பாடிய ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ எள்ளலில் பிறந்தது, அது அங்கதம். இளமை, பிள்ளைத்தன்மை. மடன், சொன்னதை ஆராயாமல் அப்படியே நம்புவது. பேதைமை, விவரம் இல்லாமை. இன்று ஸில்லி காமெடி என்று சொல்லப்படுவது இந்தப் பேதைமையில்தான் பிறக்கிறது. மடனும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும்.

நான் இதை நூலில் படிப்பதற்கு முன்பே திரையில் பார்த்தவன். அது தோல்பாவைக்கூத்தின் வெள்ளைத் திரை. எங்கள் ஊர் கோயில் கொடை விழாவை ஒட்டி இராமாயணக் கூத்து நடக்கும். போர் மும்முரமாக இருக்கும்போது நடுவில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற இரண்டு கோமாளிப் பாவைகள் வந்துவிடுவார்கள். ஒருவன் ஒன்று கேட்பான், மற்றவன் அதற்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்வான், சண்டை வந்துவிடும். ஒருவன் கை ஓங்கி மற்றவன் தலையில் இறங்கும் அதே கணத்தில் திரைக்குப் பின்னால் மத்தளத்தில் ஓர் அடி விழும். மணலில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் குலுங்கும். என் ஆச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, “பாவம் மக்களே, ஒன்றும் அறியாதவன்” என்பாள். சிரிப்பும் இரக்கமும் அவளுக்கு ஒரே மூச்சில் வந்தன. பேதை என்ற சொல்லில் அந்த இரண்டும் இருக்கின்றன: அறியாதவன் என்பதும், பாவம் என்று இரங்கத்தக்கவன் என்பதும். ஆங்கிலச் சொல் பல நூற்றாண்டுகள் நடந்து கடந்த பொருள்கள் இவை.

வள்ளுவர் பேதைமையைக் கண்டித்து ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறாரே, அதை எப்படி ஒரு கலைவகைக்குப் பெயராக்குவது என்று ஒரு தமிழாசிரியர் என்னிடம் கேட்டார். அந்த அதிகாரத்தைத் திறந்து பார்த்தால் என் கட்சிதான் வலுக்கிறது. ‘ஏதங்கொண்டு ஊதியம் போக விடல்’ என்கிறார்: கேட்டைப் பிடித்துக்கொண்டு ஆதாயத்தைக் கைவிடுவது. நாய்க்குச் சோறு வைத்த திருடன் செய்தது இதைத்தான். ‘மையல் ஒருவன் களித்தற்றால் பேதைதன் கையொன்று உடைமை பெறின்’ என்கிறார்: பேதையின் கையில் ஏதாவது கிடைத்துவிட்டால், பித்துப்பிடித்தவன் கள்ளும் குடித்தது போலாகும். லாட்டரிச் சீட்டு விழுந்தவனை வைத்து எடுக்கப்பட்ட படங்கள் எல்லாம் இந்த ஒன்றேமுக்கால் அடிக்குள் அடங்கும். வாழ்க்கையில் தீதானது மேடையில் சிரிப்பாவது புதிதா என்ன?

அசட்டு நகைச்சுவை என்று சொன்னால் போதாதா என்பவர்களும் உண்டு. அது அபத்தத்தைவிட ஆயிரம் மடங்கு நல்லது. ஆனாலும் எனக்கு ஒரு தடை. அசடு வழிகிறது என்று எப்போது சொல்கிறோம்? அகப்பட்டுக்கொண்டவன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறோம். தான் செய்தது தவறென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பேதைக்கு அது தெரியாது, கடைசிக் காட்சி வரை தெரியாது. அதனால்தான் நாம் சிரித்துக்கொண்டே இருக்கிறோம். எங்கள் ஊர்ப் பேச்சில் கிறுக்குத்தனத்துக்குக் கோட்டித்தனம் என்று ஒரு சொல் உண்டு. எனக்குப் பிரியமான சொல்தான். ஆனால் கோட்டி என்பது மனநோயையும் குறிப்பதால், நோயாளி இருக்கும் வீட்டில் அந்தச் சொல் குத்தும். அதை அச்சில் கலைவகையின் பெயராகப் போட எனக்கு மனம் வரவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது, படம் அதே படம்தானே என்று விட முடியாது. விமர்சனம் கெடுவதே பெயரில்தான். அபத்தம் என்பது படத்தின் கட்டுக்கோப்பைப் பற்றிய தீர்ப்பு; பேதைமை பாத்திரத்தின் இயல்பு. படத்துக்கு அபத்தம் என்று பெயர் வைத்துவிட்டு உட்காரும் விமர்சகர், படம் முழுக்க லாஜிக் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். அவரைவிடக் கனிவானவர், ‘மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள்’ என்று எழுதுகிறார். இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மூளையைக் கழற்றி வைத்தவனால் பேதையைப் பார்த்துச் சிரிக்க முடியாது. அவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருக்கும் இடத்தில்தான் சிரிப்பு வருகிறது. முன்வரிசைப் பெரியவர் மூளையைக் கழற்றி எங்கேயும் வைக்கவில்லை. தட்டு கழுவப்படும்போதே அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

நாகர்கோவிலில் பேசுகிறவர்கள் இந்தப் படங்களை அடிக்க இன்னொரு கோலும் வைத்திருக்கிறார்கள்: கலைவாணர். ஒழுகினசேரியில் 1908இல் பிறந்தவர், சிந்திக்க வைத்தவர், அவர் மண்ணில் இப்படியா என்பார்கள். கலைவாணர் எங்கள் பெருமை. ஆனால் நூற்பா நகை ஒன்று என்று சொல்லவில்லை, நான்கு என்கிறது. எள்ளலின் அளவுகோலை எடுத்து வந்து பேதைமையை அளந்தால் குறைவாகத்தான் தெரியும்.

அபத்தம் என்ற சொல்லை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கட்டில்லாதது என்ற தன் சொந்தப் பொருளில் அது விமர்சகருக்குத் தேவை. ‘பேதை நகைச்சுவைப் படம், ஆனால் இடைவேளைக்குப் பின் அபத்தமாகிவிட்டது’ என்று ஒருவர் எழுதினால், எது வகை, எது குறை என்று படிப்பவருக்கு உடனே விளங்கும்.

அடுத்த கூட்டத்துக்கான அறிவிப்பை எழுதும் தம்பி என்னிடம் வரைவைக் காட்டினார். ‘அபத்த’ என்பதை அடித்துவிட்டுப் ‘பேதை’ என்று எழுதிக் கொடுத்தேன். “பேதை என்றால் பெண் என்று நினைத்துவிட மாட்டார்களா, அண்ணாச்சி?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஐந்து முதல் ஏழு வயதுப் பெண்ணுக்கு அந்தப் பெயர் உண்டு. ஆனால் ஓதியும் உணர்ந்தும் பிறர்க்கு உரைத்தும் தான் அடங்காதவனைத்தான் ‘பேதையின் பேதையார் இல்’ என்கிறது குறள். அதில் ஆண், பெண் என்ற பிரிவே இல்லை. அதைச் சொன்னேன். அவர் குறளை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். பிறகு அந்தச் சொல்லை அப்படியே வைத்து அச்சகத்துக்கு அனுப்பினார்.