பனிமூட்டத்தில் ஒரு கிட்டார்

காமன் கூத்து இரவில் தப்படிப்பவர்கள் நடுவில் கொஞ்சம் நிறுத்தி, தீ மூட்டித் தப்பைக் காய்ச்சுவதை மலையகத்தில் பலரும் பார்த்திருப்போம். பனியில் ஈரம் குடித்துத் தொய்ந்த தோல், சூடு பட்டதும் இறுகிக் கணீரென்று பேசும். அதே பனி கிட்டாரையும் விடுவதில்லை. ஆனால் கிட்டாரை நெருப்பில் காட்ட முடியாது. அவசரமாகக் காய்ந்த மரம் வெடித்துவிடும். அதனால் வாங்கும்போதே மரத்தையும் பூச்சையும் பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

முதலில் இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் 20 பாகை செல்சியஸ் என்றால், அந்தக் காற்றில் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 17 கிராம் நீராவி தங்கும். இரவில் 10 பாகைக்கு இறங்கினால் 9 கிராம்தான் தங்கும். பகலில் பாதி நிரம்பியிருந்த காற்று, புதிதாக ஒரு துளியும் சேராமலே, இரவில் ஏறக்குறைய நிரம்பிவிடுகிறது. மழையே பெய்யாத நாளிலும் பெட்டியில் பூஞ்சணம் பிடிப்பது இதனால்தான்.

வெட்டிப் பதப்படுத்திய மரமும் காற்றிலுள்ள நீராவியை இழுக்கும். கிட்டார்கள் பெரும்பாலும் காற்றின் ஈரப்பதன் 45 முதல் 50 வீதமாக உள்ள இடத்தில் செய்யப்படுகின்றன. அப்போது மரத்தில் அதன் எடையில் சுமார் 9 வீதம் நீர் இருக்கும். 80 வீத ஈரப்பதனில் பல வாரங்கள் கிடந்தால் அது 16 வீதமாகும். நார் ஓடும் திசையில் மரம் அநேகமாக நீளாது, குறுக்கேதான் பருக்கும். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தில் செய்த, 40 சென்டிமீட்டர் அகலமுள்ள முன்பலகையைச் சும்மா விட்டால் 4 மில்லிமீட்டர் வரை அகலும். உள்ளே குறுக்காக ஒட்டிய சட்டங்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. பலகைக்கு வேறு வழியில்லை, வயிறு போல மேலே உப்புகிறது. கம்பிகள் உயர்ந்து, அழுத்தும் விரல் வலிக்கிறது. கழுத்து வளைந்துவிட்டதென்று பலர் நினைப்பது உண்மையில் இந்த உப்பலாக இருக்கலாம். ஈரமேறிய மரம் அதிர்வையும் விழுங்கும்; ஒலி மந்தமாகிவிடும்.

சரி, எந்த மரம்? கழுத்துக்கு மகோகனிதான் என் தெரிவு. இலங்கையிலும் வளர்க்கப்படும் இந்த மரம், ஈரத்துக்கு மிகக் குறைவாகவே அசையும். மேப்பிள் அதைவிட அதிகமாக அசையும். முன்பலகைக்கு ஸ்ப்ரூஸைவிடச் சீடர் அடக்கமானது. ஆனால் மிருதுவானது, நகம் பட்டாலே தடம் விழும். மரத்தின் பெயரைவிட அது அறுக்கப்பட்ட விதம் முக்கியம். பலகையின் வெட்டுமுனையில் மரத்தின் வளர்ச்சி வளையக் கோடுகள் நிமிர்ந்து நிற்கவேண்டும். படுத்திருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு பருக்கும்.

பின்புறமும் பக்கங்களும் ப்ளைவுட் என்றால் முகம் சுளிக்காதீர்கள். நார்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் ஒரு படலம் மற்றதைப் பிடித்து நிறுத்தும். முன்பலகை மட்டும் முழு மரமாக இருந்தால் மலைநாட்டுக்கு அது நல்ல வாங்கல்.

பூச்சைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. எந்த வார்னிஷும் நீராவியை முழுதாகத் தடுப்பதில்லை, வேகத்தைத்தான் குறைக்கிறது. அதுவே பெரிய உதவி. இரவின் ஈரம் உள்ளே போவதற்குள் விடிந்துவிடும். எண்ணெய்ப் பூச்சு இதில் பலவீனம். பொலியூரிதேன் வலுவானது, ஆனால் தடிமனாகப் பூசினால் ஒலியைக் கட்டிப்போடும். மெல்லிய பொலியூரிதேன் போதும். பெரும்பாலான கிட்டார்களின் உட்புறம் பூச்சே இல்லாத வெறும் மரம். ஒலித்துளை வழியாக ஈரம் நேரே அங்கே போகும். ஆகவே வாசித்து முடித்ததும் சுவரில் மாட்டாமல், சிலிக்கா ஜெல் பைகளோடு பெட்டியில் வைத்து மூடுங்கள். ஜெல்லை அடுப்பில் காயவைக்கலாம், கிட்டாரை அடுப்பங்கரைக்கே கொண்டுபோகாதீர்கள்.

கொழும்பில் ஏசி மண்டபத்துக்குக் கொண்டுபோகும்போது ஆபத்து எதிர்ப்பக்கம் திரும்பும். ஈரம் குடித்திருந்த பலகை அந்த வறண்ட காற்றில் சுருங்கி, நார் வழியே விரிசல் விடலாம். மேடையேறும் வரை பெட்டியைத் திறக்காதீர்கள். வாசித்து முடித்ததும் உடனே மூடிவிடுங்கள்.