முத்திரை அசல், சரக்கு கலப்படம்

கோவைப் பக்கம் பம்ப் செட்டுக்கான காஸ்டிங் செய்து கொடுக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நாங்கள் சரக்கு அனுப்பும் பெரிய கம்பெனி திடீரென்று ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது. பாஸ்வேர்டை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள், வேலையை விட்டுப் போனவரின் ஈமெயிலை என்ன செய்கிறீர்கள் என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். எங்கள் ஆபீஸில் இருப்பது மூன்று கம்ப்யூட்டர். அதில் திருட என்ன இருக்கிறது?"

ஒன்று இருக்கிறது: அந்தப் பெரிய கம்பெனியின் போர்ட்டலுக்குள் நுழைய உங்களுக்குக் கொடுத்திருக்கும் லாகின். 2013 கடைசியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி கார்டுகளின் விவரங்கள் திருடு போயின. திருடர்கள் முதலில் கைவைத்தது டார்கெட்டில் அல்ல. அதற்கு ஏசி, ஃப்ரீசர் வேலை பார்த்துக் கொடுத்த ஒரு சின்ன ஒப்பந்த நிறுவனத்தில். பில் அனுப்பவும் ஒப்பந்தத் தாள்களைச் சமர்ப்பிக்கவும் அவர்களிடம் ஒரு லாகின் இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

சரி, சின்னவரிடமிருந்து பெரியவருக்குப் பரவுவது இப்படி. எனக்கு இதைவிடச் சுவாரசியமானது எதிர்த்திசை. நாம் காசு கொடுத்து வாங்கிய, முறைப்படி கையொப்பமிட்ட சாஃப்ட்வேர் அப்டேட் வழியாகவே எதிரி உள்ளே வருவது. 2020இல் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்துக்கு நடந்தது அதுதான். அந்தத் தாக்குதல் வேலை செய்த விதத்தைப் படித்தபோது, செய்தவர்கள் மேல் கோபம் வருவதற்கு முன் ஒரு கணம் "அடடா" என்றுதான் தோன்றியது.

டெக்ஸாஸின் ஆஸ்டினில் இருக்கும் சோலார்விண்ட்ஸ், ஓரியன் என்ற சாஃப்ட்வேரை விற்கிறது. ஒரு பெரிய அலுவலகத்தின் சர்வர், ரவுட்டர் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று கண்காணிப்பது அதன் வேலை. கண்காணிக்க வேண்டுமென்றால் எல்லா இடத்துக்கும் போக அனுமதி வேண்டும். ஆகவே ஓரியனுக்குள் ஒருவர் புகுந்துவிட்டால், அலுவலகம் முழுவதும் அவருக்குத் திறந்துகிடக்கும்.

அப்டேட் அசலா போலியா என்று பார்க்க டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஃபைல் முழுவதையும் ஒரு கணக்கில் போட்டால் ஹேஷ் என்ற எண் கிடைக்கும். ஃபைலில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். தயாரிப்பாளர் தன் ரகசியச் சாவியால் அதில் கையொப்பமிடுகிறார். அவருடைய பொதுச் சாவியை வைத்து நம் கம்ப்யூட்டர் சரிபார்க்கிறது. கையொப்பமிட்ட பிறகு யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு இது உறுதியான சான்று. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

அந்த "முன்னால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புரோகிராமர் எழுதும் மூலநிரல் மனிதர்கள் படிக்கக்கூடியது. அதைக் கம்பைலர் அரைத்து, இயந்திரம் ஓட்டக்கூடிய ஃபைலாக்குகிறது. மில்லில் மிளகாய்த்தூள் அரைக்கக் கொடுப்பதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். காம்பு கிள்ளி, வெயிலில் காயவைத்து, நல்ல மிளகாய்தான் என்று பார்த்துத்தான் கொடுக்கிறோம். வரும் தூளை நம் கண் முன்னால்தான் கட்டுகிறார்கள். ஆனால் இயந்திரத்தின் வாய்க்கும் வயிற்றுக்கும் நடுவில் யாராவது ஒரு கை செங்கல்பொடியைப் போட்டால்?

அந்தக் கையின் பெயர் சன்ஸ்பாட். இப்படிப் பெயரிட்டு, அது இயங்கிய விதத்தை 2021 ஜனவரியில் வெளியிட்டது கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனம். ஓரியனைக் கம்பைல் செய்யும் கம்ப்யூட்டரில் அது சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. நொடிக்கு ஒருமுறை, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியலைப் பார்க்கும். எம்எஸ்பில்ட் என்ற கம்பைல் கருவி ஓடுகிறதா? ஓடினால், அது கம்பைல் செய்வது ஓரியனைத்தானா? ஆமென்றால், ஓரியனின் ஆயிரக்கணக்கான ஃபைல்களில் இன்வென்டரி மேனேஜர் என்ற ஒரே ஒரு மூலநிரல் ஃபைலைத் தேடும். அசலை ஒரு பிரதி எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த இடத்தில் தன் கள்ளப் பதிப்பை வைக்கும். கம்பைலர் அதைப் படித்து அரைத்து முடித்ததும், அசலைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிடும்.

அடுத்த நாள் ஒரு புரோகிராமர் வந்து மூலநிரலை வரிவரியாகப் படித்தாலும் எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கும். மூலநிரல் களஞ்சியத்தில் எதுவும் மாறவில்லை. கள்ளத்தனம் உயிரோடு இருந்ததே அந்தக் கம்பைல் நேரத்தில் மட்டும்தான்.

இன்னும் இரண்டு நுணுக்கங்கள். மாற்றுவதற்கு முன் அசல் ஃபைலின் ஹேஷைப் பார்க்கும்; தாங்கள் எதிர்பார்த்த பதிப்பு இல்லையென்றால் தொடாது. ஏன்? பொருந்தாத நிரலைச் செருகினால் கம்பைல் பிழை வரும், யாராவது தலையைச் சொறிந்துகொண்டு எட்டிப் பார்ப்பார்கள். கம்பைலர் தரும் சின்னச் சின்ன எச்சரிக்கைகள்கூடத் திரையில் வராமலிருக்க, அவற்றை அணைக்கும் வரிகளையும் தங்கள் நிரலில் சேர்த்திருந்தார்கள். பல கம்பெனிகளில் எச்சரிக்கை வந்தாலும் யாரும் படிப்பதில்லை என்பது வேறு கதை. இவர்கள் அந்த அளவுக்கு யாரையும் குறைவாக மதிப்பிடவில்லை.

அரைத்து வந்த ஃபைலில் சோலார்விண்ட்ஸ் தன் சொந்தச் சாவியால் கையொப்பமிட்டது. 2020 மார்ச் கடைசியிலிருந்து வாடிக்கையாளர்களுக்குப் போயிற்று. 18,000 பேர் வரை அதை நிறுவியிருக்கலாம் என்று கம்பெனியே பிறகு சொன்னது.

நிறுவியதும் அது எதையும் செய்யவில்லை. 12 முதல் 14 நாள் சும்மா இருந்தது. சோதனைக்கூடத்தில் போட்டுப் பார்ப்பவர்கள் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை அல்லவா? பிறகு, தான் இருக்கும் நிறுவனத்தின் பெயரைக் குறியீடாக மாற்றி, ஏவிஎஸ்விஎம்கிளவுட் டாட் காம் என்ற முகவரியின் முன்னால் ஒட்டி, "இந்த முகவரி எங்கே?" என்று சாதாரண டிஎன்எஸ் கேள்வியாக, அதாவது இணையப் பெயருக்கு உரிய எண்ணைக் கேட்கும் கேள்வியாக, அனுப்பும். தினமும் எந்த அலுவலகத்திலிருந்தும் லட்சக்கணக்கில் போகும் கேள்விகளில் அதுவும் ஒன்று. பதிலாக வரும் ஐபி எண்தான் கட்டளை. சில குறிப்பிட்ட வரம்புக்குள் எண் வந்தால், அது நிரந்தரமாகத் தன்னை முடக்கிக்கொள்ள வேண்டும். அந்த வரம்புகளில் ஒன்று மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தமானது. டிசம்பரில் விஷயம் வெளிவந்ததும் ஃபயர்ஐ, மைக்ரோசாஃப்ட், இணைய முகவரிகளை விற்கும் கோடாடி மூன்றும் சேர்ந்து அந்த முகவரியை 20.140.0.1 என்ற மைக்ரோசாஃப்ட் எண்ணைக் காட்டும்படி செய்தன. உலகம் முழுக்க அந்த நிரல் தானாகவே கடையை மூடியது. எழுதியவர்கள் தங்கள் பாதுகாப்புக்கு வைத்த வழியே அதற்கு முடிவு கட்டியது. ஆனால் அதற்குள் வேறு கதவுகளைத் திறந்து வைத்திருந்த இடங்களில் இது உதவவில்லை. சுமார் 100 நிறுவனங்களிலும் அமெரிக்க அரசின் 9 துறைகளிலும் எதிரிகள் உள்ளே நடமாடியதாக வெள்ளை மாளிகை 2021 பிப்ரவரியில் சொன்னது. ரஷ்ய வெளிநாட்டு உளவுத்துறையின் வேலை என்றது அமெரிக்கா, ரஷ்யா மறுத்தது.

கண்டுபிடித்தது யார்? ஃபயர்ஐ. அதுவும் ஒரு பாதுகாப்பு நிறுவனம்தான். தங்கள் ஊழியர் ஒருவரின் கணக்கில், லாகினை உறுதிசெய்ய இரண்டாவதாக ஒரு ஃபோன் பதிவாகியிருப்பதைக் கவனித்து அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "என்னுடையது இல்லையே" என்றார். நூல் பிடித்துப் போய் ஓரியன் வரை வந்து, அந்த ஃபைலைப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். 2020 டிசம்பர் 8 அன்று "எங்களிடமே திருடிவிட்டார்கள்" என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். ஐந்து நாளில், ஓரியன்தான் வழி என்பதையும் சொன்னார்கள். பாதுகாப்பு விற்கும் கம்பெனிக்கு இப்படிச் சொல்வது எவ்வளவு கூச்சமான காரியம்!

என்னை உறுத்துவது, இவர்கள் முதல் ஆள் இல்லை என்பது. 2020 மே மாதமே அமெரிக்க நீதித்துறை, சோதனைக்காக ஓட்டிப் பார்த்த ஓரியன் சர்வர் ஒன்று தெரியாத இடத்துடன் பேசுவதைக் கவனித்து, சோலார்விண்ட்ஸிடமும் கேட்டது. ஓட்டை அகப்படவில்லை. ஜூலையில் வோலெக்ஸிட்டி என்ற நிறுவனம் ஓர் ஆய்வு மையத்தில் இதே எதிரிகளைத் துரத்தியபோது ஓரியன் சர்வரில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் என்ற இன்னொரு பாதுகாப்பு நிறுவனம் தன் சொந்த ஓரியன் சர்வரில் ஒரு தாக்குதலைத் தடுத்தே விட்டது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு சில்லறைச் சம்பவம். ஒரு மேஜையில் வைத்திருந்தால் டிசம்பர் வரை போயிருக்காது.

விமானத் துறை இதே பாடத்தை 92 உயிர்களைக் கொடுத்துப் படித்தது. 1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ 514 விமானம், வாஷிங்டனின் டல்லஸ் நிலையத்தில் இறங்க வரும் வழியில் வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதியது. தரையிறங்க அனுமதி கிடைத்ததும் எந்த உயரத்துக்கு இறங்கலாம் என்பதில் குழப்பம். ஆறு வாரங்களுக்கு முன்பு ஒரு யுனைடெட் விமானம் இதே குழப்பத்தில் சிக்கி மயிரிழையில் தப்பியிருந்தது. யுனைடெட் தன் விமானிகளிடம் சொல்லி எச்சரித்தது. டிடபிள்யூஏ விமானிகளுக்குச் சொல்ல வழியே இல்லை. 1976இல் அமெரிக்காவில் ஒரு திட்டம் வந்தது: விமானி தன் தவறைத் தானே எழுதி அனுப்பலாம். அதைப் பெறுவது தண்டிக்கும் அமைப்பு அல்ல, நாசா. பெயரை நீக்கிவிட்டு, பாடத்தை மட்டும் எல்லோருக்கும் அனுப்புவார்கள். வேண்டுமென்று செய்யாத மீறலை பத்து நாளுக்குள் தெரிவித்துவிட்டால் அபராதத்திலிருந்தும் விலக்கு உண்டு.

கம்ப்யூட்டர் உலகத்திலும் இதற்கான உறுப்புகள் இல்லாமல் இல்லை. தகவலைப் பகிரும்போது சிவப்பு, ஆம்பர், பச்சை, தெளிவு என்று குறிப்பது ஒரு வழக்கம்: சிவப்பு என்றால் கேட்ட ஆளோடு நிற்க வேண்டும், ஆம்பர் என்றால் தேவைப்படுபவர்களுக்கு மட்டும், பச்சை என்றால் துறைக்குள், தெளிவு என்றால் யாருக்கும். இந்தியாவில் இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022இல் போட்ட உத்தரவுப்படி, சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நல்லது. ஆனால் இது மேலே போகும் தகவல். பக்கத்தில் இருக்கும் கம்பெனிக்கு, உங்களிடம் வாங்குபவருக்கு, விற்பவருக்கு யார் சொல்வது? சொன்னால் ஒப்பந்தம் போய்விடும் என்று பயந்தால் எந்தச் சப்ளையரும் வாயைத் திறக்கமாட்டார்.

நம் ஊரில் இன்னொன்று நடக்கிறது. சான்றிதழை ஃப்ரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவது. சர்வர் அறை வாசலில் எலுமிச்சை மிளகாய் கட்டியிருப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள், சான்றிதழிடமும் அதே வேலையைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை படிவத்தை நிரப்புவதும் அந்த ரகம்தான்.

ஆகவே கோவை வாசகருக்கு: படிவத்தை உண்மையாக நிரப்புங்கள், "இல்லை" என்பது வெட்கமில்லை. ஒரு லாகினை நான்கு பேர் பகிராதீர்கள். ஓடிபி இல்லாமல் யாரும் உள்ளே நுழைய முடியாதபடி செய்யுங்கள். "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் பணம் போடவும்" என்று ஒரு மெயில் வந்தால், அந்த மெயிலில் இருக்கும் எண்ணை அல்ல, ஏற்கனவே உங்களிடம் இருக்கும் எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அப்புறம், நீங்களும் அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: உங்களுக்கு ஏதாவது நடந்தால் எங்களுக்கு எத்தனை மணி நேரத்தில் சொல்வீர்கள்? எங்களுக்கு ஏதாவது நடந்து நாங்களே முன்வந்து சொன்னால், ஆர்டர் நிற்குமா?

மில்லுக்குள் போகும் கைக்கும் மருந்து உண்டு. சோலார்விண்ட்ஸ் இப்போது ஒரே நிரலைத் தனித்தனி ஆட்கள், தனித்தனி அனுமதிகளுடன் மூன்று இடங்களில் கம்பைல் செய்து ஒப்பிடுகிறது. மூன்றிலும் ஒரே நேரத்தில் கைவைப்பது மிகக் கடினம். டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை உருவாக்குபவர்கள் இதைப் பல வருடமாகச் செய்கிறார்கள்: யார் எங்கே கம்பைல் செய்தாலும் பிட் பிசகாமல் ஒரே ஃபைல் வர வேண்டும். கேட்க எளிது. கம்பைல் செய்த தேதி உள்ளே பதிந்துவிட்டால் போதும், ஹேஷ் மாறிவிடும்.

ஆனால் வணிகச் சங்கிலியின் கடைசிக் கண்ணி பல சமயம் கம்பெனியே இல்லை, ஒரு தனி ஆள். லினக்ஸ் உலகம் முழுக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியைப் பல வருடம் பார்த்துக்கொண்டவர் சம்பளமில்லாத ஒருவர். உதவ வந்ததாக நடித்த ஒருவர், இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுமையாக நம்பிக்கை சம்பாதித்து, 2024இல் அதில் பின்கதவு வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர், லாகின் ஆவதற்கு அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிப் பார்த்துப் பிடித்தார். மார்ச் 29 அன்று, தன்னிடம் முழு விடை இல்லாதபோதே, கண்டதை எல்லாம் பொதுவில் எழுதினார். லினக்ஸைத் தொகுத்து வழங்குபவர்கள் உடனே அந்தப் பதிப்பைத் திரும்பப் பெறத் தொடங்கினார்கள். நிலையான பதிப்புகளில் பெரும்பாலானவற்றை அது எட்டவே இல்லை. இத்தகைய தனி ஆட்களின் உழைப்பில் இந்திய ஐடி நிறுவனங்களும் பல்லாண்டாகக் கோடிகளை அள்ளுகின்றன. பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024இல், யாரும் மூலநிரலைப் படித்து மாற்றக்கூடிய திறந்தமூலத் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கியது. மற்ற பெரிய நிறுவனங்களின் பெயர்களும் அந்த வரிசையில் தாராளமாகச் சேரலாம். விளம்பரப் பலகைக்கு ஆகும் செலவில் கொஞ்சம் குறைத்தாலே போதும்.