சுகர் இறங்கும்போது என் வீட்டுக்காரர் ஏன் சண்டை போடுகிறார்

டம்ளரில் சர்க்கரையைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய் நீட்டுகிறேன், அவர் புறங்கையால் தட்டிவிடுகிறார். “எனக்கு ஒண்ணும் இல்ல, எப்பப் பாரு சுகர் சுகர்னு உயிரை எடுக்காத.” நெற்றியெல்லாம் வேர்வை, சட்டைப் பட்டனை மூன்றாவது தடவையாகத் தப்பான ஓட்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறார். மீட்டர் 48 என்று காட்டுகிறது. எப்படியோ குடிக்க வைத்து முக்கால் மணி நேரம் ஆனதும் அதே மனிதர், “என்ன ஆச்சு, தரை ஏன் இப்படிப் பிசுபிசுன்னு இருக்கு?” என்று கேட்பார். நிஜமாகவே அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. கல்யாணமான புதிதில் இதெல்லாம் அவருடைய குணம் என்று நினைத்து மஞ்சக்குப்பம் வீட்டுச் சமையலறையில் தனியாக நின்று அழுதிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று அப்போதே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அத்தனை அழுகை மிச்சமாகியிருக்கும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பெரியவர்கள் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. சுகர் 100 என்றால் ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்று அர்த்தம், அப்படியானால் மொத்த ரத்தத்திலும் சேர்த்து 5 கிராம், ஒரு டீஸ்பூன் சர்க்கரை. அவ்வளவுதான். நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகிற கரும்பு லாரிகளை தினம் பார்க்கிற ஊரில் இருந்துகொண்டு, ஒரு ஆள் நிதானமாக இருப்பதற்கு ஒரு டீஸ்பூன்தான் ஆதாரம் என்று தெரிந்தபோது எனக்கு ரொம்ப நேரம் மனசே ஆறவில்லை. சுகர் 54க்கு வந்தால் அந்த 5 கிராம் 2.7 ஆகிவிடும். அவர் அவராக இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் நடுவில் இருப்பது அரை டீஸ்பூன்.

இந்தக் குறைவை எல்லா உறுப்பும் ஒரே மாதிரி உணர்வதில்லை. தசைக்குக் குளுக்கோஸ் போதாவிட்டால் கொழுப்பை எரித்துச் சமாளித்துக்கொள்ளும். மூளைக்கு அந்த வசதி கிடையாது. உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் உடம்பு செலவழிக்கிற சக்தியில் சுமார் 20 சதவீதம் அதற்குத்தான் போகிறது. கொழுப்பை நேரடியாக எரிக்கவும் தெரியாது, சொல்லிக்கொள்கிற அளவுக்குச் சேமித்து வைக்கவும் இடம் இல்லை. அன்றாடக் கூலியில் அடுப்பு எரிகிற வீடு மாதிரி, வரத்து நின்றால் சில நிமிஷத்தில் அடுப்பு அணையும். மூளையிலும் எல்லா வேலையும் ஒரே நேரத்தில் நிற்பதில்லை. மூச்சு விடுவது, இதயத்தை ஓட்டுவது போன்ற வேலைகளைப் பார்க்கிற அடிப்பகுதி ரொம்ப நேரம் தாங்கும். யோசித்து முடிவெடுப்பது, கோபத்தை அடக்குவது, ‘எனக்கு ஏதோ சரியில்லை’ என்று தன்னைத்தானே கவனிப்பது, இதெல்லாம்தான் முதலில் தடுமாறும். “சுகர் இறங்கிடுச்சா?” என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய இடமே பட்டினியில் கிடக்கிறது. அதனால்தான் “இல்லை” என்று சொல்கிறார். அது பொய்யும் இல்லை, பிடிவாதமும் இல்லை.

நம் எல்லோருக்கும்தான் சாப்பாடு தள்ளிப்போகிறது, நாம் ஏன் இப்படி ஆவதில்லை? உடம்புக்குப் பல அடுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. சுகர் 80 பக்கம் இறங்கும்போதே கணையம் இன்சுலினைக் குறைத்துவிடும். 70க்குக் கீழே போகும் நேரத்தில் குளுக்ககான் என்ற இன்னொரு ஹார்மோனை அதே கணையம் அனுப்பும், கல்லீரல் தன்னிடம் இருப்பு வைத்திருக்கிற சுமார் 100 கிராம் சர்க்கரையில் கொஞ்சத்தை அவிழ்த்துவிடும். கூடவே அட்ரினலின் கிளம்பும். படபடப்பு, கை நடுக்கம் எல்லாம் அதன் வேலை, வேர்வையும் அகோரப் பசியும் அதே அபாயச் சங்கோடு சேர்ந்து வருபவை. ஊசி போடுகிறவர்களுக்கு முதல் அடுக்கே கிடையாது, தொடையில் குத்திய இன்சுலினை யாரும் திரும்பக் கூப்பிட முடியாது. என் வீட்டுக்காரருக்கு இருப்பது டைப் 1, கணையத்தில் இன்சுலின் சுரப்பு அநேகமாக நின்றுபோகிற வகைச் சர்க்கரை நோய். அதில் சில வருஷத்திலேயே குளுக்ககானும் சரியாக வராமல் போய்விடும், மிச்சம் இருப்பது அந்தச் சங்கு மட்டும்தான்.

இன்சுலினும், சுகர் இப்படி அளவுக்கு மீறி இறங்குகிற ‘லோ’வும் ஆரம்பத்திலிருந்தே கூடப் பிறந்தவைதான். 1922இல் டொராண்டோவில் முதன்முதலாக ஒரு பையனுக்கு இன்சுலின் போட்டார்கள். அந்தக் காலத்தில் அதன் ‘ஒரு யூனிட்’ எவ்வளவு என்பதையே, பட்டினி போட்ட முயலுக்கு வலிப்பு வருகிற அளவுக்குச் சுகரை இறக்க எவ்வளவு மருந்து வேண்டும் என்பதை வைத்துத்தான் வகுத்தார்கள். இன்றைக்கு இன்சுலின் பேனாவில் நாம் திருகுகிற எண்ணின் பிறப்பே லோ சுகரில்தான்.

சரி, ஒரு பேருந்துக் கதை சொல்கிறேன். அவருக்கு வேலை புதுச்சேரியில், தினமும் சாயங்காலம் கடலூர் பேருந்தில் திரும்புவார். ஒரு நாள் மதியம் ஊசி போட்டுக்கொண்டு, வேலை நெருக்கடியில் பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிட்டார். தவளக்குப்பம் தாண்டுவதற்குள் நாக்கு குழறி, டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணத் தெரியாமல், கேட்ட கண்டக்டரிடம் சத்தம் போட்டிருக்கிறார். புதுச்சேரியிலிருந்து வருகிற சாயங்கால வண்டியில் ஒருவர் தள்ளாடினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கன்னியக்கோயிலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே டீக்கடையில் இருந்த ஒரு பெரியவர்தான் முகத்துக்குக் கிட்டே வந்து பார்த்துவிட்டு, “சாராய வாடையே இல்லையே தம்பி” என்று சொல்லி, போனில் கடைசியாகப் பேசியிருந்த என் நம்பருக்குக் கூப்பிட்டார். விழுங்குகிறாரா என்று முதலில் கேட்டேன், அப்புறம் கால் டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுக்கச் சொன்னேன். அந்தப் பெரியவரை நினைத்தால் இன்றைக்கும் கை கூப்பத் தோன்றுகிறது. அன்றிலிருந்து ‘நான் இன்சுலின் போடுபவன், உளறினால் சர்க்கரை கொடுங்கள்’ என்று என் நம்பரோடு ஒரு அட்டை அவர் சட்டைப் பையில் இருக்கிறது.

என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் ரொம்பக் குழப்பம் நடக்கிறது. 70க்குக் கீழே என்றால் சீக்கிரம் ஏறுகிற சர்க்கரை 15 கிராம், சற்றுக் குவித்த மூன்று டீஸ்பூன். ரத்தத்தில் குறைந்துபோனது 2 கிராம்தானே, 15 எதற்கு என்றால், குளுக்கோஸ் ரத்தத்தோடு நிற்பதில்லை, உடம்பின் மற்ற நீரிலும் பரவும், உள்ளே இருக்கிற இன்சுலினும் இழுத்துக்கொண்டே இருக்கும். சாக்லேட் வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பு வயிற்றிலிருந்து சர்க்கரை இறங்குவதைத் தாமதமாக்கும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சர்க்கரை குறைவு, அவசரத்துக்கு ஆகாது. டயட் என்று போட்ட பானத்தில் சர்க்கரையே கிடையாது, பதற்றத்தில் அதை வாங்கி நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று முக்கியம்: சாப்பிடுகிற மாத்திரையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் கலந்திருக்கிறதா என்று இன்றைக்கே அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நம் வீட்டுச் சர்க்கரை என்பது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கைகோர்த்திருக்கிற ஜோடி. குடலில் அதைப் பிரிக்கிற நொதியைத்தான் இந்த மருந்துகள் தடுக்கின்றன. இவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்குச் சீனி, வெல்லம் கொடுத்தால் ஏற ரொம்ப நேரம் பிடிக்கும். குளுக்கோஸ் பொடிதான் வேண்டும், பாக்கெட்டில் டெக்ஸ்ட்ரோஸ் என்று இருக்கும்.

கொடுத்த பிறகு 15 நிமிஷம் காத்திருக்க வேண்டும். வயிற்றைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போய் ரத்தத்தில் கலந்து மூளைக்கு ஏற அவ்வளவு நேரம் ஆகும். எங்கள் வீட்டில் அதைவிட நீளமான 15 நிமிஷம் வேறு இல்லை. பயத்தில் மேலே மேலே ஊட்டினால் இரண்டு மணி நேரத்தில் 300ல் போய் நிற்கும், நானும் செய்திருக்கிறேன். 15 நிமிஷம் கழித்தும் 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு 15 கிராம். மறுபடி குத்திப் பார்ப்பதற்கு முன் அவர் விரலைத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். ஒரு தடவை சர்க்கரை ஒட்டிய விரலில் எடுத்துவிட்டேன், 190 காட்டியது, அப்பாடா என்று உட்கார்ந்தேன், ஆள் மட்டும் கிறங்கிக்கொண்டே போனார். கழுவிப் பார்த்தால் 52. எண் சரியான பிறகும் புத்தி முழுசாகத் தெளிய அரை மணி, முக்கால் மணி ஆகலாம், அதுவரை வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள். அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ கொடுங்கள்.

பேசுகிற விதமும் மருந்துதான். கேள்வி கேட்காதீர்கள், காரணம் சொல்லி வாதாடாதீர்கள். “என்னங்க, இதைக் குடிங்க.” அவ்வளவு போதும். எதிரே நின்று நீட்டினால் தட்டிவிடுகிறவர், பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார், ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, எங்கள் வீட்டு அனுபவம் இது. சுகர் நன்றாக இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்: நீல டம்ளரில் எது கொடுத்தாலும் அவர் குடித்துவிட வேண்டும், சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பத்துக்கு ஏழெட்டுத் தடவை அது வேலை செய்கிறது.

ஆள் மயங்கிவிட்டால், விழுங்கத் தெரியாமல் வாயோரம் வழிந்தால், எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குப் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குக் கூப்பிடுங்கள், அவர்கள் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். குளுக்ககான் ஊசி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று உங்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டு வையுங்கள். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர் லோ ஆகித் தெளிந்துவிட்டாலும் அத்தோடு விட்டுவிடக் கூடாது. அந்த மாத்திரை சுகர் எவ்வளவு இருந்தாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னும் நீளும், சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். சஷ்டி, ஏகாதசி என்று விரதம் இருந்துகொண்டு மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போடுகிற அம்மா, அத்தைமார்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. குடிக்கிறவர்களுக்கு ஆபத்து வேறு வகை: கல்லீரல் சாராயத்தைக் கவனிக்கிற நேரத்தில் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பது தடைப்படும். அவர்களிடம் வாடையும் இருக்கும், லோவும் இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ராத்திரிதான் எனக்கு எப்போதும் பயம். தூக்கத்தில் அட்ரினலின் சங்கு மெதுவாகத்தான் ஊதும். கடலூர் மே மாதப் புழுக்கத்தில், கரண்டும் போய்விட்டால், வேர்வையை வைத்து என்ன கண்டுபிடிப்பது? தொட்டுப் பழகியதில் ஒன்று தெரிந்துகொண்டேன். புழுக்கத்து வேர்வை சூடாக இருக்கும். லோ வேர்வையில் பின்னங்கழுத்தும் நெற்றியும் ஜில்லென்று இருக்கும், தோலுக்கு வரும் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுவதால். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் என் கை தானாக அவர் கழுத்துக்குப் போகும்.

போன வருஷம் ஒரு கட்டத்தில் சங்கே ஊதாமல் போய்விட்டது. நடுக்கமும் இல்லை, படபடப்பும் இல்லை, நேராக உளறல்தான். அடிக்கடி லோ ஆனால் மூளை அந்தக் குறைந்த அளவுக்கே பழகிவிடும், 65ல் அடிக்க வேண்டிய மணி 50க்குக் கீழே போனால்தான் அடிக்கும், அப்போது கேட்பதற்கு உள்ளே ஆள் இருக்காது. ஆனால் சில வாரம் லோவே வராமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் அந்த மணியை ஓரளவுக்காவது திரும்பக் கொண்டுவர முடியும். மருத்துவர் ஊசி அளவைக் குறைத்தார், கொஞ்ச நாளைக்குச் சுகர் சற்றுக் கூடவே இருக்கட்டும் என்றார். நான் நேரமும் எண்ணும் சாப்பிட்டதும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். நாலாவது வாரம், இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன், கிரைண்டர் சத்தத்தில் முதலில் காதில் விழவில்லை. வாசற்படியில் நின்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார், விரல்கள் நடுங்கின.

“அந்த நீல டம்ளரை எடு,” என்றார்.