குறுக்குவிசைக்குள் என்டரைக் கட்டாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் என்னிடம் சேர்வர் வேலை பழகும் தம்பி ஒருவர், வெப் சேர்வரை நிறுத்தித் திரும்பத் தொடக்கும் கொமாண்டை எஃப்9 விசையில் கட்டி, கடைசியில் என்டரையும் சேர்த்து, அந்த விசை அமைப்புக் கோப்பை வாடிக்கையாளரின் சேர்வரிலும் போட்டு வைத்திருந்தார். கை தவறி ஒருமுறை பட்டால் போதும், கேள்வியே இல்லாமல் ஓடிவிடும். கொமாண்ட் வரியில் வந்து நிற்கட்டும், வாசித்துப் பார்த்துவிட்டு என்டரை நீங்களே அடியுங்கள்.

விசைகளை மாற்றவே வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் மாற்றுங்கள். கொமாண்டுகளை வாங்கி ஓட்டும் நிரலை ஷெல் என்பார்கள், பாஷ் அதில் ஒன்று. பாஷில் நாம் அடிப்பதை வாங்குவது ரீட்லைன் என்ற மென்பொருள் நூலகம், அதன் அமைப்பு உங்கள் ஹோம் அடைவில் உள்ள டொட் இன்புட்ஆர்சி கோப்பில் இருக்கும். மேல் அம்பை 'ஹிஸ்டரி சேர்ச் பேக்வேர்ட்' என்று மாற்றினால், எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள சேர்வருக்குள் நுழையும் கொமாண்ட்) என்று மட்டும் அடித்து அம்பை அழுத்த, அப்படித் தொடங்கும் பழைய கொமாண்டுகள் மட்டும் ஒவ்வொன்றாக வரும். இந்த ஒரு மாற்றமே ஒரு நாளில் எவ்வளவோ நேரத்தை மிச்சப்படுத்தும். (பாஷுக்குப் பதில் இசட்ஷெல் என்ற ஷெல்லைப் பாவிப்பவர்களுக்கு இந்தக் கோப்பு உதவாது, அங்கே விசைகளைக் கட்டுவது பைண்ட்கீ என்ற கொமாண்ட்.)

ஆனால் அதே கோப்பைத்தான் ரீட்லைனைப் பாவிக்கும் மற்ற நிரல்களும், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குக் கொமாண்ட் அடிக்கும் பிஎஸ்கியூஎல் போன்றவையும், வாசிக்கின்றன, பாஷுக்கென்று கட்டிய விசை டேட்டாபேஸ் வரியிலும் பாயும். பாஷுக்கு மட்டும் என்றால் டொலர் இஃப் பாஷ், டொலர் எண்டிஃப் இரண்டுக்கும் நடுவே எழுதுங்கள்.

கொன்ட்ரோல்+ஐ, கொன்ட்ரோல்+எம் இரண்டையும் தொடாதீர்கள். டெர்மினலுக்கு வழக்கமாக அவை டாபும் என்டரும்தான், மாற்றினால் அந்த விசைகளும் சேர்ந்து கெடும். கொன்ட்ரோல்+எஸ் அடித்துத் திரை உறைந்தால் பதறி ஜன்னலை மூடுகிறார்கள், பாவம். அது திரைக்கு வருவதை நிறுத்தி வைக்கும் பழைய டெர்மினல் காலத்து ஓட்டக் கட்டுப்பாடு, கொன்ட்ரோல்+கியூ அடிக்கத் திரும்ப ஓடும். தமிழுக்கு மாறக் கொன்ட்ரோல்+ஸ்பேஸ் வைத்திருப்பவர்களே, அந்த விசை ஷெல்லுக்குப் போய்ச் சேராது, அதில் ஒன்றையும் கட்டாதீர்கள்.

அப்புறம், பலர் பாவிக்கும், சேர்வரின் முழு அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் உங்கள் விசைகளை வைக்காதீர்கள். இரவு அவசரத்துக்கு உள்ளே வரும் இன்னொருவருக்கு எந்த விசையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. உங்கள் கணக்கிலேயே வைத்து, கோப்பை மாற்றியதும் கொன்ட்ரோல்+எக்ஸ், கொன்ட்ரோல்+ஆர் அடித்துத் திரும்ப வாசிக்க வையுங்கள்.