வலயத் திருத்தம்: கொழும்பில் ‘சோன் மாத்துறது’ என்பது எதை?

“இந்தப் பக்கம் சோன் மாத்தியாச்சு, இனி எட்டு மாடி கட்டலாம்” என்று வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு காணித் தரகர் சொன்னால், அதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். சோன், அதாவது வலயம், என்பது எதற்காக, எவ்வளவு கட்டலாம் என்பதற்கு ஒரே விதி உள்ள நகரப் பகுதி. நகரத்தின் அபிவிருத்தித் திட்டமே திருத்தப்பட்டு அரச வர்த்தமானியில் வெளியாகியிருக்கலாம். அல்லது திட்டம் இருந்தபடியே இருக்க, அந்த ஒரு காணிக்கு மட்டும் ஏதோ ஒரு பயன்பாட்டுக்கு அனுமதி கிடைத்திருக்கலாம். முன்னது வலயத் திருத்தம், பின்னது பயன்பாட்டு மாற்ற அனுமதி. முன்னது அந்த வலயத்திலுள்ள எல்லாக் காணிக்கும் பொருந்தும். பின்னது அனுமதிக் கடிதத்தில் எழுதியிருப்பதைத் தாண்டிப் போகாது, பக்கத்துக் காணிக்காரருக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. ‘சோன்’ என்ற ஒரே சொல் இரண்டையும் மூடிவிடுவதால் முற்பணம் கொடுத்த பிறகே பலருக்கு வேறுபாடு தெரிகிறது.

சோன் என்பது கிரேக்கச் சொல். இடுப்பில் கட்டும் கச்சை என்பது அதன் முதற்பொருள். பூமியை வெப்பம், குளிர் என்று பட்டைகளாகப் பிரித்த பழைய புவியியலார் அந்தப் பட்டைகளுக்கு இதே பெயரை வைத்தார்கள். நகரத்துக்கு அது வந்தது மிகப் பிந்தி. 1891இல் ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரம் பகுதிக்கொரு கட்டட விதி வைத்தது. 1916இல் நியூயோர்க் நகரம் முழுவதற்குமாகப் பயன்பாடு, உயரம், பரப்பு மூன்றையும் ஒரே விதித் தொகுப்பில் கட்டுப்படுத்தியது.

தமிழில் இதற்கு நின்ற சொல் வலயம். கையில் அணியும் வளை என்பதே அதன் பொருள். தோளில் அணிவது வாகுவலயம், வட்டமான உலகம் குவலயம். கச்சையும் வளையும் உடம்பைச் சுற்றி வருபவை என்பதால் மொழிபெயர்ப்பு தற்செயலாகவே அழகாகப் பொருந்திவிட்டது. உலர் வலயம், ஈர வலயம், கல்வி வலயம், சுதந்திர வர்த்தக வலயம் என்று இலங்கைத் தமிழில் இது ஆழ வேரூன்றிய சொல். தமிழ்நாட்டில் மண்டலம் என்பார்கள். அதை இங்கே கொண்டுவரத் தேவையில்லை. சிங்களத்திலுள்ள ‘கலாபய’ என்ற சொல் வலயத்தையும் பிராந்தியத்தையும் குறிப்பதால், அவசரத்தில் மொழிபெயர்ப்பவர்கள் ‘குடியிருப்புப் பிராந்தியம்’ என்று எழுதிவிடுவதுண்டு. அது பிழை.

சென்னை இணையத்தளங்களைப் பார்ப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ஒரே ஒரு சர்வே எண்ணுக்குச் செய்யும் ‘நில உபயோக மாற்றம்’கூட முழுமைத் திட்டத்தின் மாறுதலாகவே நடக்கிறது. பெயரில் ஒத்திருந்தாலும் இங்குள்ள பயன்பாட்டு மாற்ற அனுமதி வேறு.

காணி என்பது பழைய கணக்கில் எண்பதில் ஒரு பங்கு. சோழர் கால வழக்கில் பரம்பரையாக வரும் நில உரிமைக்கும் அதுவே பெயர். உரியவர் உள்ள நிலம் என்ற அந்தச் சாயல் ஈழத்து வழக்கில் இன்னும் இருக்கிறது. ஆகவே உறுதிப் பத்திரமும் எல்லையும் உள்ள துண்டைப் பேசும்போது ‘காணிப் பயன்பாடு’ என்பதே பொருத்தம். ‘நிலப்பயன்பாடு’ புவியியல் பாடத்துக்குச் சரி.

திருத்தம்தான் கொஞ்சம் வழுக்கும் சொல். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் என்று நாம் சொல்வதில் சட்டப் பொருள் தெளிவு. ஆனால் காடு திருத்துவது, காணி திருத்துவது என்றால் வெட்டித் துப்புரவாக்கிப் பண்படுத்துவது. ஆகவே ‘காணித் திருத்தம்’ என்று சுருக்கினால் பொருள் கெடும். ‘காணிச் சீர்திருத்தம்’ என்றாலோ காணிக்கு உச்சவரம்பு வைத்த 1972ஆம் ஆண்டின் சட்டம் நினைவுக்கு வரும். முழுமையாக எழுதுவதென்றால் ‘காணிப் பயன்பாட்டு வலயத் திருத்தம்’. தலைப்புக்கு ‘வலயத் திருத்தம்’ போதும்.

இனி நடைமுறை. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அதைத் திருத்திய 1982ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டமுமே அடிப்படை. அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடத்துக்கு அதிகார சபை திட்டம் வரைகிறது. வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, ஆட்சேபம் கேட்கப்பட்டு, அமைச்சர் அங்கீகரித்து, வர்த்தமானியில் அறிவித்த பிறகே நடைமுறைக்கு வரும். திருத்தத்துக்கும் வர்த்தமானி அறிவித்தல் வேண்டும். மாநகர சபைக் கருமபீடத்தில் கொடுக்கும் விண்ணப்பத்தால் வலயம் மாறாது. தரகர் காட்டும் கடிதத்தில் வர்த்தமானி இலக்கமும் திகதியும் இல்லையென்றால் அது திருத்தம் அல்ல.

வீடமைப்புக்காக வலயம் திருத்தப்படும்போது பெரும்பாலும் மாறுவது தளப்பரப்பு விகிதம், கட்டடக்காரர் வாயில் எப்.ஏ.ஆர். எல்லா மாடிகளின் பரப்பையும் கூட்டினால் காணியின் பரப்பைப் போல எத்தனை மடங்கு வரலாம் என்பதே அது. 10 பேர்ச் காணி ஏறக்குறைய 253 சதுர மீற்றர். விகிதம் 2 என்றால் 506 சதுர மீற்றர் கட்டலாம், 4 என்றால் 1,012. படிக்கட்டு, லிப்ட், நடைவழிக்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து 75 சதுர மீற்றர் வீடாகப் போட்டால் முன்னதில் 5 வீடு, பின்னதில் 10. காகிதத்தில் இரட்டிப்பாகிவிட்டது, ஒழுங்கையின் அகலமோ, பிரித்தானியர் காலத்தில் போட்ட கழிவுநீர்க் குழாயோ இரட்டிப்பாகவில்லை. அதனால்தான் விகிதத்தோடு வீதி அகலமும், வாகனத் தரிப்பிடமும், பக்க இடைவெளியும் சேர்த்தே விதிக்கப்படுகின்றன. 20 அடி ஒழுங்கையில் நின்றுகொண்டு அகலமான காலி வீதிக்குரிய விகிதத்தைக் கணக்குப் போடுவது கொழும்பில் அடிக்கடி நடக்கும் ஏமாற்றம்.

பூங்கா விஷயம் இன்னும் சிக்கலானது. வரைபடத்தில் ஒரு துண்டுக்குப் பச்சை நிறம் அடித்தால் அது பூங்கா வலயம் ஆகும், பொதுச்சொத்து ஆகாது. தனியார் காணியென்றால் விலைக்கு வாங்க வேண்டும், அல்லது 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின்படி சுவீகரித்து நட்டஈடு கொடுக்க வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்காமல் பச்சை அடித்தால் உரிமையாளர் கட்டவும் முடியாமல், மக்கள் நடக்கவும் முடியாமல் அந்தத் துண்டு பற்றை மண்டிக் கிடக்கும். பிறகு ஒரு நாள் ‘பூங்காவாகப் பயன்படவில்லை’ என்ற காரணத்தோடு நிறத்தை மாற்றக் கோரிக்கை வரும். பொதுத் தேவைக்கென எடுத்த காணியும் கைமாறிப் போகலாம். பத்தரமுல்லையில் அப்படி எடுத்த காணி கோல்ப் மைதானமாகிப் போக, அந்தக் கைமாற்றத்தை 2008இல் உயர் நீதிமன்றம் செல்லாதென்றது.

பூங்காவுக்கு இடம் கிடைக்க, காணித் துண்டாடலில் விடப்படும் திறந்தவெளி இன்னொரு வழி. 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், 1 ஹெக்டேயரைத் தாண்டும் காணியைப் பிரிக்கும்போது வீதிகள் நீங்கலாக 10 சதவீதத்தைச் சமூக, பொழுதுபோக்குத் தேவைக்கு ஒதுக்கச் சொல்லின. 1 ஹெக்டேயர் ஏறக்குறைய 395 பேர்ச். அதற்குச் சற்றுக் குறைவாக, 390 பேர்ச்சாக முதலில் பிரித்து விற்றுவிட்டு மிச்சத்தை அடுத்த வருடம் பிரித்தவர்கள் உண்டு. ஒதுக்கினாலும் தண்ணீர் நிற்கும் மூலையே பெரும்பாலும் பூங்காவுக்கு வருகிறது.

ஆட்சேபம் எழுதுகிறவர்கள் ‘எங்கள் பகுதிக்கு இது வேண்டாம்’ என்று எழுதினால் அதில் பரிசீலிக்க ஒன்றுமில்லை. திட்டத்தின் பெயர், வலயத்தின் பெயர், நில அளவை வரைபடத்திலுள்ள துண்டு இலக்கம், வரிமதிப்பு இலக்கம், எந்த வாசகம் எப்படி மாறவேண்டும் என்பது, இவை ஐந்தும் இருக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அறிவித்தலில் குறித்த நாள் கடந்தால் கடிதம் கோப்பில் சேரும், பரிசீலனைக்குப் போகாது.

வர்த்தமானி வந்ததும் வரைபடத்தை மட்டும் பார்க்காமல் அட்டவணையில் எழுத்தில் உள்ள எல்லை விபரத்தையும் வாசியுங்கள், தமிழ்ப் பிரதியைச் சிங்களப் பிரதியோடு ஒப்பிடுங்கள். எல்லைக்கோடு ஒழுங்கையின் நடுவால் போகிறதா, காணிகளின் பின்வேலியால் போகிறதா என்பதில் ஒரு வரிசை வீடுகள் முழுவதும் உள்ளேயோ வெளியேயோ ஆகிவிடும். கோடு உங்கள் காணிக்குள்ளேயே போனால் எந்தப் பகுதிக்கு எந்த வலய விதி என்று அதிகார சபையிடம் எழுத்தில் கேட்டு, பதில் கையில் வந்த பிறகே வரைபடக்காரருக்குப் பணம் கட்டுங்கள்.